டபிள்யூ போட்டுத் திறந்த பட்டியல்

எண்பதுகளின் கடைசியில் பதுளை டவுனில் ஒரு துணிக்கடை மாடியில் கம்ப்யூட்டர் படித்தேன். கடை முதலாளியை எல்லோரும் நானா என்போம். சி மொழியில் நானே புரோகிராம் எழுதுவேன். அந்தத் தலைக்கனத்தில் யார் திருத்த வந்தாலும் எரிந்து விழுவேன்.

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இலங்கைப் பிரஜாவுரிமை இல்லாதவர்கள் விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. முன்பு போட்டது, விவரம் பிழை என்று திரும்பி வந்திருந்தது. பலரிடம் பிறப்புச் சான்றிதழே கிடையாது. அவர்கள் வாயால் சொல்வதை நான் டைப் செய்து தருவதாக ஏற்பாடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அறுபத்தொரு பேர் பஸ் ஏறி வந்து, எந்தத் தோட்டத்தில், எந்த லயத்து வரிசை வீட்டில் பிறந்தோம் என்று ஒவ்வொருவராகச் சொல்லிப் போனார்கள்.

அன்று காய்ச்சலால் வராத ஒரு அக்கா, கொழுந்து பறிப்பவர், அடுத்த ஞாயிறு வந்தார். புரோகிராமைத் திரும்ப ஓட்டி அவரைச் சேர்த்தேன். பட்டியலைப் பார்த்தால் ஒரே ஒரு பேர். அவருடையது.

மற்ற அறுபத்தொரு பேரும் அழிந்து போயிருந்தார்கள். என் அப்பா தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. காலையில் ஆள் கூடும் பெரட்டில் அவர் எழுதுவதற்காகப் புத்தகத்தைத் திறந்தால், நேற்றைய பக்கம் அப்படியே இருக்கும். அடுத்த வெற்றுக் கோட்டில் பேனாவை வைப்பார். அதைப் பார்த்து வளர்ந்தவள், எழுதத்தானே போகிறோம் என்று ஃபைலைத் திறக்கிற வரியில் 'ரைட்' என்பதற்கான 'டபிள்யூ' போட்டிருந்தேன். டபிள்யூ, ஃபைலைத் திறக்கும்போதே உள்ளே இருப்பதை எல்லாம் துடைத்துவிடும். பழையதை வைத்துக்கொண்டு கடைசியில் சேர்க்க 'ஏ' போட வேண்டும். முதல் ஞாயிறு முழுக்க ஒரே தடவைதான் ஓட்டினேன், அதனால் தெரியவில்லை. நகலும் எடுக்கவில்லை. திமிர்தான், வேறென்ன.

"என்னம்மா, மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு?" என்றார் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா. எல்லாரையும் இன்னொரு தடவ வரச் சொல்லுங்க." காரணம் சொல்ல வாய் வரவில்லை.

அவர் போனதும், "உள்ளதச் சொல்லியிருக்கலாமே மகள்," என்றார் நானா. சும்மா இருங்க என்று அவர் மேலும் பாய்ந்தேன். பிறகு வரியைத் திருத்தி, புரோகிராமை இரண்டு தடவை ஓட்டி, இரண்டிலும் என் பேரையே போட்டு, இரண்டும் நிற்கிறதா என்று பார்த்தேன். நின்றது.

அடுத்த வாரம் எல்லோரும் வந்தார்கள். முதலில் உட்கார்ந்தவர் தோட்டத்தில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிற ஒரு தொழிலாளி. கையில் தொப்பியை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"திருப்பி வரச் சொன்னீங்களே, இந்தத் தடவயும் பொறந்த எடம் பிழையாங்கம்மா? வேற தோட்டம் சொன்னாத்தான் எடுப்பாங்கன்னா, வேற சொல்றேங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லோரும் கேட்கிற மாதிரி எழுந்து நின்று சொன்னேன்: "நீங்க சொன்னதுல ஒரு பிழையும் இல்லீங்க. நாந்தான் தெரியாம அழிச்சிட்டேன்."

யாரும் திட்டவில்லை. அந்தத் தொழிலாளி மட்டும் தொப்பி உருட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்ப நான் மொதல்ல சொன்ன எடத்துலதான் பொறந்தேனுங்களா?"

"ஆமாங்க," என்றேன்.