ஊரிலை எவடம்?

நான் இலங்கையின் மன்னாரைச் சேர்ந்தவன். மட்ரிட்டில் படித்து, இலண்டன் கல்லூரியொன்றில் ஸ்பானிஷ் கற்பிக்கிறேன். என் கத்தோலிக்கப் பெயரைப் பார்த்து மாணவர்கள் என்னைத் தென்னமெரிக்கன் என்றே நினைத்தார்கள். நானும் திருத்தவில்லை. தமிழன் என்று தெரிந்தால் ‘ஊரிலை எவடம்?’ என்று சொந்த இடத்தை விசாரித்துத் தொடங்கி, சலுகை கேட்டு முடிப்பார்கள் என்ற பயம்.

தாய்க்குச் சத்திரசிகிச்சை, கட்டுரைக்கு இரண்டு நாள் வேண்டும் என்று கேட்டாள் தமிழர் நிறைந்த டூட்டிங்கிலிருந்து வரும் மாணவி டிலானி. யார் கேட்டாலும் கொடுப்பவன், தமிழ்ப்பிள்ளை என்பதாலேயே மறுத்தேன். படிப்பை விடுவதாக அவளிடமிருந்து மின்னஞ்சல் வந்தது.

அந்த ஞாயிறு தமிழ்ப் பூசையில் வாசகம் வாசித்து நிமிர்ந்தால், முன்வாங்கில், சத்திரசிகிச்சை முடிந்த தாயைத் தாங்கியபடி டிலானி!

பூசை முடிந்ததும், “நான் தமிழ் எண்டு…” என்று தடுமாறினேன்.

“முதல் வருசமே தெரியும் சேர். நாங்கள் வழமையாப் பின்னுக்குத்தான் இருப்பம். நீங்கள் சொல்ல விரும்பேல்லைப் போலை எண்டு நானும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

எனக்கு முகம் எரிந்தது.

“என்னிலைதான் பிழை. கட்டுரையைக் கொண்டு வாரும் பிள்ளை.”

கொண்டு வந்தாள்; படிப்பையும் விடவில்லை. பாடநெறியின் பகுதியாக இந்த வருடம் மட்ரிட்டில் படிக்கிறாள். போன கிழமை தொலைபேசியில், “இஞ்சை ஊர் எவடம் எண்டு கேக்க ஒருத்தரும் இல்லை சேர்” என்று சிரித்தாள்.

மூன்று வருடமாக நானும் கேட்டதில்லை. அன்றுதான் கேட்டேன்.