ஆட்ட மறந்த கோப்பை

கைப்பிடி இல்லாத ஒரு சின்னக் காபிக் கோப்பையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் நடந்தவை இவை:

1. வாப்பா கார் ஓட்டிக்கொண்டே உம்மாவிடம் போனில் பல்வலி என்றார். மறுநாள், பின் இருக்கையில் இருந்த ஸார் அவரை ஒரு பல் மருத்துவரிடம் அனுப்பினார்.

2. துபாயில், ஜெபல் அலி தொழிலாளர் கேம்பில் இருந்த மாமாவின் பாஸ்போர்ட்டைக் கம்பெனி பிடித்து வைத்திருப்பதாக வாப்பா காரில் புலம்பினார். அந்த வாரமே அது மாமாவின் கைக்கு வந்தது.

3. குவைத்தில், மங்காஃபில் இருக்கும் வாப்பாவின் அண்ணன், என் பெரிய வாப்பா, தன் முதலாளியிடம் சொல்லி வாப்பாவுக்குக் குடும்ப விசாவோடு ஒரு வேலை ஏற்பாடு செய்தார். அந்தச் சந்தோஷத்தையும் வாப்பா காரில்தான் சொன்னார். சில நாட்களில் அந்த வேலை இல்லையென்று ஆகிவிட்டது.

4. மூன்று முறையும் அவர் பேசியது தமிழில்.

ஸார் ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் தூதர். மஸ்கட், குவைத், அபுதாபி என்று வளைகுடாவிலேயே உத்தியோகம் பார்த்துவிட்டு, ஊர் திரும்ப மனமில்லாமல் துபாயில் ஒரு கம்பெனிக்கு ஆலோசகராகத் தங்கிவிட்டார். வாப்பா அவருடைய டிரைவர். ஸாரின் வீட்டு வரவேற்பறைச் சுவரில் ஒவ்வொரு பதவிக்கும் ஒரு புகைப்படம் உண்டு. வரிசை மஸ்கட்டில்தான் தொடங்கும். அதற்கு முன்னால் எங்கே இருந்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "ஒரு தீவில். ரப்பர் முத்திரை குத்திக்கொண்டிருந்தேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, என் படிப்பைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். பதில் சொல்லாமலே பதில் சொன்னது போல நம்மை அனுப்பிவைப்பது அவருக்குக் கைவந்த கலை.

அந்தக் குவைத் வேலை கிடைத்திருந்தால் நானும் உம்மாவும் மங்காஃபுக்குப் போயிருப்போம். எனக்கு அப்போது எட்டு வயது. பள்ளிப் பையைக்கூட உம்மா துவைத்து மடித்து வைத்துவிட்டார். பிறகு நான் வளர்ந்தது, லீவில் வந்து போகும் ஒரு வாப்பாவோடு. அவர் வரும்போதெல்லாம் முதல் இரண்டு நாள் அவரிடம் பேச எனக்குக் கூச்சமாக இருக்கும்.

படித்து முடித்து நானும் ஷார்ஜாவுக்கு வேலைக்கு வந்தேன். கிடங்குகளில் இருக்கும் சென்சார்களைச் சோதிப்பது என் தொழில். ஒரு சென்சார் மேல் சந்தேகம் வந்தால் அதைக் கழற்ற மாட்டோம். நமக்குத் தெரிந்த ஒன்றை அதற்குக் காட்டிவிட்டு, அது என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இரண்டு வருடத்துக்கு முன் பெருநாளன்று ஸார் எங்கள் இருவரையும் வீட்டுக்கு அழைத்தார். அப்போது ஸாரிடம் அதைத்தான் செய்தேன்.

இங்கே அரபுக் காபியை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் வாயால் சொல்லக்கூடாது. கோப்பையை லேசாக ஆட்டிக்காட்ட வேண்டும். ஸார் மூன்றாவது கோப்பை முடிந்ததும் ஆட்டுவார். ஷேக்குகள் வீட்டிலும் சரி, தன் வீட்டிலும் சரி, அது மாறியதில்லை. அன்று அவர் மூன்றாவதைக் குடித்துக்கொண்டிருந்தபோது, நான் சாதாரணக் குரலில், வாப்பாவைப் பார்த்து ஒரு பொய் சொன்னேன்:

"வாப்பா, குவைத் வேலையக் கெடுத்தது இவருதான்னு பெரிய வாப்பா அடிச்சு சொல்றாங்க."

"சும்மா இரி புள்ள" என்றார் வாப்பா.

ஸாரின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். ஆனால் கோப்பை கையிலேயே இருந்தது. ஆட்டவில்லை. காபி ஊற்றும் சமையல்காரர் கான் பாய் ஒரு நொடி காத்திருந்துவிட்டு நான்காவதை ஊற்றினார். பிறகு ஐந்தாவது. "ஸாஹிபுக்கு இன்னைக்கு நல்ல தாகம்" என்று உருதுவில் சிரித்தார். அப்போதுதான் ஸார் தன் கையைப் பார்த்தார்.

ஷார்ஜா முவைலாவில் இருக்கும் என் ரூமுக்குத் திரும்பும் வழியில், கோப்பையில் கண்டதை வாப்பாவிடம் சொன்னேன். அவர் அதிரவில்லை.

"அவருக்குத் தமிழ் தெரியும்னு உனக்கு இன்னக்கித்தான் தெரியுமாக்கும்? நான் வேலைக்குச் சேந்த புதுசுலயே, உன் பெரிய வாப்பா போன்ல கோட்டித்தனமா ஒரு ஜோக்கு சொல்ல, அத நான் சத்தமாத் திருப்பிச் சொன்னேன். பின்னாடி அவரு தோள் சிரிப்புல குலுங்குது. கண்ணாடியில பாத்தேன்ல."

"தெரிஞ்சுமா அவ்வளவும் கார்ல பேசினீங்க?"

"பல்லு வலிக்குன்னு உன் உம்மாகிட்ட சொன்னா என்ன கிடைக்கும்? கிராம்பைக் கடிக்கச் சொல்லுவா. அவரு காதுல விழுந்தா டாக்டர் கிடைப்பாரு."

சிரித்துவிட்டேன். சிரித்து முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. "அப்ப குவைத் விஷயமும் அவர் காதுல விழட்டும்னுதான் சொன்னீங்களா?"

வாப்பா ஏசியைக் கூட்டினார். "ரோட்டப் பாரு" என்றார். ஓட்டிக்கொண்டிருந்தது அவர்.

அதுவரை என் சந்தேகம் பின் இருக்கையில் மட்டும் இருந்தது. அண்ணன் நிழலில் போய் வேலை பார்க்க வாப்பாவுக்கு விருப்பமில்லையா? குடும்பத்தை வரவழைக்கப் பயந்தாரா? அல்லது நல்ல டிரைவரை இழக்க மனமில்லாத ஒரு பெரிய மனிதர், தன் பழைய குவைத் நண்பர்களில் ஒருவரிடம் ஒரு வார்த்தை போட்டுவைத்தாரா? இருவருமே பேசாமல் இருப்பதில் தேர்ந்தவர்கள். ஒருவர் அதைப் பயிற்சியில் கற்றவர். இன்னொருவர் அவருக்கு முன்னால் உட்கார்ந்து ஓட்டியே கற்றவர்.

போன பெருநாளைக்கும் அழைப்பு வந்தது, போனேன். மூன்றாவது கோப்பை முடிந்ததும் ஸார் என்னைப் பார்த்துக்கொண்டே அதை ஆட்டினார், தேவைக்குச் சற்று அதிகமாகவே.

இன்றைய நிலவரம் இது. வாப்பா இன்னும் அவருக்குத்தான் கார் ஓட்டுகிறார். காரில் இன்னும் தமிழில்தான் போன் பேசுகிறார். ஸார் இதுவரை ஒரு தமிழ் வார்த்தை பேசியதில்லை. வேலை யாரால் போனது என்பது எனக்குத் தெரியாது. உம்மா ஊரில் தனியாக இருக்கிறார்.