பென்சில் தொடாத தாடை

கயல்விழிக்கு வாய் சும்மா இருக்காது. பேசுவாள் என்று நினைத்துவிட வேண்டாம், பேச்சு அவளிடம் குறைவுதான். பல்லைக் கடிப்பாள். பஸ் வரத் தாமதமானால் கடிப்பாள், மழை தூறினால் கடிப்பாள், தூறாவிட்டாலும் கடிப்பாள். பத்து வயதில் தொடங்கிய பழக்கம், இருபத்தேழு வயதுக்குள் தாடையின் இரண்டு மூலையிலும் கொழுக்கட்டையை வைத்தது போலச் சதையைத் திரட்டிவிட்டது. மெலிந்த உடம்பு, நீண்ட கழுத்து, அதன்மேல் சதுரமாக ஒரு முகம். லட்சணமான முகம்தான். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு அது தெரிந்தால்தானே!

அவள் வேலையே அடுத்தவர் முகத்தைச் சரிசெய்வதுதான். சூலூரில் அழகிரிசாமியின் ஸ்டுடியோவில் பின்னறை மேசை அவளுடையது. விளக்குப் பெட்டியின்மேல் நெகட்டிவை வைத்து, ஊசி முனை போலச் சீவிய பென்சிலால் தொட்டுத் தொட்டுத் திருத்துவாள். அதற்கு டச்சிங் என்று பெயர். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் படத்தில் வெளுக்கும். பரு மறையும், கண்ணுக்குக் கீழே கருப்பு மறையும். பின்னால் வெள்ளைத் திரை இருந்தால் தாடையின் ஓரத்தையே திரையோடு சேர்த்துவிடலாம், முகம் ஒடுங்கிவிடும். அப்படி எத்தனையோ பெண்களுக்கு ஒடுக்கிக் கொடுத்திருக்கிறாள், கல்யாணமும் கூடியிருக்கிறது.

அவளுடைய படத்தை மட்டும் உள்ளபடியே அனுப்பினார்கள். முதலில் வந்தவர்கள் சாதகம் சேரவில்லை என்று நாசூக்காகச் சொன்னார்கள். இரண்டாவது வீட்டில் நாசூக்கெல்லாம் இல்லை. "ஆம்பள மூஞ்சியாட்ட இருக்குதுங்க" என்று பட்டென்று சொல்லிவிட்டார்கள். அப்பா சுப்பையன், மில் வாட்ச்மேன், அன்றைக்குச் சாப்பிடாமலே வேலைக்குப் போனார். மறுநாள் கயல்விழி புதிதாக ஒரு படம் எடுத்துக்கொண்டாள். வெள்ளைத் திரை. பென்சிலைச் சீவினாள். காது மடலுக்குக் கீழிருந்து மோவாய் வரை இரண்டு பக்கமும் ஓட்டினாள். படம் வந்தபோது அழகிரிசாமியே, "யாரு அம்மணி இது?" என்று கேட்டார்.

அந்தப் படத்தைத்தான் வரன் பார்த்துக் கொடுக்கும் பூவாத்தாள் அத்தை கொடுமுடிக்குக் கொண்டுபோனாள். ஒரே வாரத்தில் சம்மதம் வந்தது. மாப்பிள்ளை தமிழ்ச்செல்வன், மின்வாரியத்தில் வயர்மேன். ஆவணி பிறந்ததும் பெண் பார்க்க வருகிறார்களாம். "இந்தா, உன்ர மாப்பள" என்று அத்தை நீட்டிய படத்தைக் கயல்விழி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். அவளுடைய பென்சில் அவளுக்குத் தெரியாதா? அவன் சூலூரில் வேலையாக இருந்தபோது எடுத்த படம். பெயர் இல்லாமல் நம்பரோடு பின்னறைக்கு வந்த நெகட்டிவ். கன்னமெல்லாம் அம்மைத் தழும்பு, முப்பத்தொன்று. ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு, ஒரு மத்தியானம் முழுக்க அந்த முகத்தோடு உட்கார்ந்து நிரப்பியிருந்தாள். நல்ல கண்ணு என்று அப்போதே நினைத்திருந்தாள்.

அவன் முகத்தின் உண்மை அவளுக்குத் தெரியும், அவள் முகத்தின் உண்மை அவனுக்குத் தெரியாது. இதுதான் அவளை அரித்தது. இந்தச் சம்பந்தத்தைக் கைவிட அவளுக்கு மனமில்லை. ஆனால் வந்து பார்த்ததும், படத்தில் இருந்த பெண் எங்கே என்று கேட்டால்? அப்பா இன்னொரு நாள் சாப்பிடாமல் போவார். ஆனி பிறந்திருந்தது. இரண்டே மாதம். எண்ணிப் பார்க்கப் பார்க்கப் பல்லைக் கடித்தாள், கடிக்கக் கடிக்கச் சதை இன்னும் புடைப்பது போலிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஹபீபுன்னிசா டீச்சர் பாஸ்போர்ட் படம் எடுக்க ஸ்டுடியோவுக்கு வந்தார். அவருக்கு முகத்தின் ஒரு பக்கம் வெட்டி வெட்டி இழுக்கும். போன வருஷம் அவரைப் படம் பிடிப்பதற்குள் அழகிரிசாமி அரை ரோல் வீணடித்தார். இப்போது முகம் அசையாமல் இருந்தது.

"எப்பிடிங்க டீச்சர் சரியாச்சு?"

"ஊசி கண்ணு. கோயமுத்தூர்ல நரம்பு டாக்டர். இழுக்குற சதையைத் தூங்க வெக்கற மருந்தாம். புதுசா வந்திருக்குது."

கயல்விழி அடுத்த வெள்ளிக்கிழமையே பஸ் ஏறினாள். வீட்டில் தலைவலி என்று சொன்னாள். அது பொய்யும் இல்லை, தாடை வலி தினமும் நெற்றிப்பொட்டு வரை ஏறும். டாக்டர் அவளைப் பல்லைக் கடிக்கச் சொல்லி, புடைத்த இடத்தில் விரல் வைத்துப் பார்த்தார்.

"கடிச்சுக் கடிச்சுப் பயில்வான் கை மாதிரி ஆக்கி வெச்சிருக்கீங்க. ஊசி போட்டா இந்தச் சதைக்கு வேலை இருக்காது. மாவுக்கட்டுப் போட்ட கை மெலியுமில்லீங்க, அப்பிடி மெலியும். ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் கெட்டியா எதையும் மெல்ல முடியாது. அப்பறம் ஒண்ணு, இது நிரந்தரமில்லை. ஆறேழு மாசத்துல மருந்து விட்டுரும். நீங்க கடிக்கறதை நிறுத்தணும்."

"அத எப்பிடிங்க டாக்டர் நிறுத்தறது?"

"அதுக்கு எங்கிட்ட ஊசி இல்லீங்க" என்று அவர் மருந்தை ஏற்றினார். கயல்விழியின் காதில் ஏறியதும் இரண்டு மாதம் என்பது ஒன்றுதான். பக்கத்துக்கு மூன்று குத்து. அன்றைக்கே வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தாள் என்றால் அவள் அவசரத்தைப் புரிந்துகொள்ளலாம்.

நாலாவது நாளிலிருந்து மெல்ல முடியவில்லை. முகமோ அப்படியே இருந்தது. கூழும் கஞ்சியுமாகக் குடித்தாள். "ஏங்கண்ணு, பச்சப்புள்ளையாட்டக் கஞ்சியவே குடிச்சுட்டுக் கெடக்கற?" என்று அம்மா பொன்னாத்தாள் புலம்பினாள். பல்லுக்குப் போக வழியில்லாத தவிப்பு காலுக்கு இறங்கியது. உட்கார்ந்தால் கால் ஆடியது, எழுந்தால் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தது. ஸ்டுடியோவில் அவள் பென்சில் தொட்ட பெண்களெல்லாம் அந்த மாதம் கூடுதலாகவே ஒடுங்கினார்கள். காலையும் மாலையும் தன் படத்தைக் கண்ணாடியின் ஓரத்தில் செருகி, படத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். ஆடிப் பதினெட்டு கழிந்த வாரம் கொழுக்கட்டைகள் கரைந்திருந்தன. பென்சில் கோடு போன வழியிலேயே தாடையும் போனது. சந்தோஷமாக இருந்தது. கூடவே பயமும் இருந்தது.

ஆவணி முதல் வாரம் அவர்கள் வந்தார்கள். தமிழ்ச்செல்வன் வாசலுக்கு முதுகு காட்டி, வெளிச்சம் முகத்தில் விழாதபடி உட்கார்ந்தான். ஒரு கை கன்னத்தை விட்டு இறங்கவே இல்லை. அவனுடைய அம்மாவுக்கு முகத்தில் திருப்தி வழிந்தது. "படத்துல இருக்கறாப்பலயே இருக்குதுங்க" என்று சொல்லி, தட்டிலிருந்த கடலை உருண்டையை எடுத்து அவள் கையில் வைத்தாள். "நீயும் தின்னு கண்ணு."

தின்னாவிட்டால் மரியாதைக் குறைவு. கயல்விழி வாயில் போட்டாள். கடித்தாள். கடித்ததாக அவள்தான் நினைத்தாள். உருண்டை உருண்டையாகவே இருந்தது. இடது பக்கம் தள்ளினாள், வலது பக்கம் தள்ளினாள். பாகு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண்ணில் நீர் கோத்தது. எதிரே இருந்த மாப்பிள்ளையின் அம்மா முகத்திலிருந்த திருப்தி மெல்ல மெல்ல வடிந்தது.

"ஏனுங்க," என்று பொன்னாத்தாளிடம் குனிந்தாள். குசுகுசுப்பு என்று நினைத்துச் சொன்னது வீடு முழுக்கக் கேட்டது. "பொண்ணுக்குப் பல்லு செட்டுங்களா?"

சுப்பையன் எழுந்தே விட்டார். பூவாத்தாள் அத்தை தலையில் கை வைத்தாள். கயல்விழி அடுப்படிக்கு ஓடி உருண்டையைத் துப்பினாள், வாயைக் கொப்பளித்தாள், திரும்பி வந்தாள். பல்லைக் கடிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அதனால் பேசினாள்.

"பல்லெல்லாம் என்ர பல்லுதானுங்க. தாடதான் என்ரதில்லீங்க. ஊசி போட்டு எளைக்க வெச்சிருக்கறேன், அதுல மெல்ல வரமாட்டேங்குது. உங்களுக்கு வந்த படத்துல அந்த ஊசியும் கெடையாதுங்க, பென்சில். நானே பண்ணுனது. ஆறேழு மாசத்துல பழைய மூஞ்சி வந்துருமுங்க. புடிச்சா பாருங்க, இல்லீன்னா வேண்டாமுங்க."

தமிழ்ச்செல்வன் தரையைப் பார்த்தபடி, "என்ர படமும் அப்பிடித்தானுங்க. எவனோ நல்லா தடவிக் குடுத்துட்டான்" என்றான்.

"எவனோ இல்லீங்க, நாந்தான். முப்பத்தொண்ணு."

"என்னதுங்க?"

"தழும்புங்க. எண்ணித்தான் நெரப்புனேன்."

கன்னத்திலிருந்து அவன் கை இறங்கியது. உடம்பைத் திருப்பி வாசல் வெளிச்சத்துக்கு முகத்தைக் கொடுத்து உட்கார்ந்தான். அவனுடைய அம்மா மகனைப் பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள். "அப்பப் பல்லு செட்டு இல்லீங்கள்ல?" என்று உறுதிப்படுத்திக்கொண்டு வெற்றிலைத் தட்டை இழுத்தாள்.

ஐப்பசியில் சென்னிமலையில் கல்யாணம் நடந்தது. கல்யாணப் படத்தில் பென்சில் படவே இல்லை, மாப்பிள்ளையின் தழும்பு அத்தனையும் தெரிந்தது. பார்த்தவரெல்லாம் பெண்ணின் ஒடுங்கிய தாடையை மட்டும் டச்சிங் என்றே சொன்னார்கள்.

மாசி வந்தது, தாடையும் வந்தது. டாக்டரிடம் போகலாமா வேண்டாமா என்று அவள் பத்து நாள் தவித்தாள். ஒருநாள் காலை அவன் சவரம் செய்துகொண்டிருந்தபோது கண்ணாடியை மறைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

"பழைய மூஞ்சி வந்துருச்சுங்க."

"தெரியும். ஒரு வாரமாச்சு." சோப்பு நுரையோடு பார்த்தான். "உன்ர கணக்குலதான் தப்பிருக்குது அம்மணி. முப்பத்தொண்ணில்ல, முப்பத்திரெண்டு. மீசைக்கடியில ஒண்ணு இருக்குது, பென்சிலுக்குச் சிக்குல."

கயல்விழி ஈரமான மீசையை விரலால் விலக்கித் தேடினாள். இருந்தது. அன்றைக்கு முழுக்க அவள் பல்லைக் கடிக்கவில்லை. மறுநாள் கடித்தாள்.