பூட்டை உடைத்த ஜெயராணி

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். எங்கள் மாதா கோவில் திருவிழாக் கொடியேற்றத்துக்குப் பூ வாங்க மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் நின்றிருந்தேன். "சம்பங்கி வேணாம்ணே, வெயிலுக்குத் தாங்காது. செவ்வந்தியே வாங்கிட்டு வாங்க" என்று எட்டு மணிக்குத்தான் ஜெயராணி போனில் சொல்லியிருந்தார். மறுபடியும் போன் அடித்தது. பீடம் அலங்கரிக்கும் லூர்து பேசினார்.

"அண்ணே, ஜெயராணி போயிருச்சுண்ணே."

"எங்க போச்சு? நான் பூவோட வார வரைக்கும் இருக்கச் சொன்னேன்ல?" என்று கோபப்பட்டேன். மறுமுனையில் அழுகை கேட்ட பிறகும் எனக்கு விளங்கவில்லை. பூக்கடைக்காரர்தான் என் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தார்.

ஜெயராணி கோவிலைப் பெருக்கி முடித்து, ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். அசந்து தூங்குகிறார் என்று நினைத்து, மற்ற பெண்கள் அவரைச் சுற்றிச் சத்தமில்லாமல் வேலை பார்த்திருக்கிறார்கள். ஐம்பத்தொரு வயது. காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்து நாம் பார்த்ததில்லை. இதை எழுதும்போதுகூட, ஜெயராணியிடம் ஒரு தடவை காட்டிவிட்டுக் கொடுக்கலாம் என்றுதான் மனம் நினைக்கிறது.

செல்லூரில் விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றுவது அவர் வேலை. எங்கள் தெருக் குடும்பங்கள் வாரம் ஒருமுறை கூடிச் செபிக்கும் அன்பியத்துக்கு அவர்தான் பொறுப்பாளர். நான் கோவில் காரியங்களைப் பார்க்கும் பங்குப் பேரவையின் செயலாளர். நம் பங்கு இதழுக்கு அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். நான் செய்ததையும் சேர்த்து எழுதினால்தான் அது உண்மையாக இருக்கும்.

மூன்று வருடம் முன்பு கண்மாய் நிரம்பித் தெருவுக்குள் தண்ணீர் புகுந்த காலை உங்களுக்கு நினைவிருக்கும். பங்குத்தந்தை தியானத்துக்குப் போயிருந்தார். கோவில் மண்டபத்துச் சாவியோடு நான் டி. கல்லுப்பட்டியில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தேன். ஜெயராணி கூப்பிட்டார்.

"அண்ணே, வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. மண்டபத்தத் தொறக்கணும்."

"திருவிழாச் சாமானெல்லாம் உள்ள இருக்கும்மா. ஃபாதர் வரட்டும், கேட்டுக்கிட்டுச் செய்வோம்."

"ஃபாதர் வார வரைக்கும் தண்ணி நிக்குமாண்ணே?"

போனை வைத்துவிட்டார். அடுத்த கால் மணி நேரத்தில் அம்மிக் குழவியால் பூட்டை உடைத்திருக்கிறார். நம் வீடுகள் மட்டுமல்ல, தறிக்கார வீடுகள், வாடகைக் குடித்தனங்கள் என்று யார் வந்தாலும் உள்ளே விட்டிருக்கிறார். பிள்ளை பெற்று ஒன்பது நாளான ஒரு பெண் நனைந்துபோய் வந்தபோது, மாதா சப்பரத்துக்குச் சாத்தும் பட்டுத் துணியை எடுத்துக் குழந்தையைச் சுற்றிக் கொடுத்திருக்கிறார்.

அந்தப் பட்டுதான் பேரவையில் பெரிய விவகாரம் ஆனது. "மாதாவுக்குச் சாத்துறதையா எடுக்கிறது?" என்று ஒருவர் சத்தம் போட்டார். ஜெயராணி எழுந்து, "மாதாவும் புள்ள பெத்தவங்கதானே" என்றார். அவ்வளவுதான். சிரிக்கவுமில்லை, குரலை உயர்த்தவுமில்லை.

அவர் எழுத்துமூலமாக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முன்மொழிந்தது நான். கடிதத்தைத் தட்டச்சு செய்து கையெழுத்துக்கு நீட்டியதும் நான். அவர் அதை முழுக்கப் படித்தார். என் பேனாவையே வாங்கி, எல்லாவற்றையும் அடித்துவிட்டு அடியில் இரண்டு வரி எழுதினார்: "பூட்டை உடைத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கதவைத் திறந்ததற்குக் கேட்க மாட்டேன்." பங்குத்தந்தை படித்துவிட்டு, "செயலாளர் சார், இதுக்கு மேல என்ன வேணும்?" என்று என்னைப் பார்த்தார்.

மறுநாளே ஒன்றும் நடக்காததுபோல், "அண்ணே, மருமகளுக்கு ஒடம்பு தேவலையா?" என்று கேட்டபடி எதிரே வந்தார். நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு பேச்சு சரியானது. ஆனால் நான் செய்தது தப்பு என்று அவரிடம் சொல்லவே இல்லை. இந்தத் திருவிழா முடியட்டும், சொல்லிவிடலாம் என்று இருந்தேன். மூன்று திருவிழாவாக அப்படித்தான் இருந்திருக்கிறேன்.

அடக்கம் முடிந்த ஞாயிறு, லூர்து என்னைத் தாவீது ஐயா வீட்டுக்குப் போகச் சொன்னார். பக்கவாதத்தில் ஆறு வருடமாகப் படுத்திருப்பவர். ஞாயிறு தவறாமல் பூசை முடிந்ததும் ஜெயராணி அங்கே போவாராம். எனக்கு அதுவே தெரியாது. ஜெயராணி இறந்ததை ஐயாவிடம் யாரும் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"என்ன நீங்க வந்திருக்கீக? ஜெயராணிக்கு மேலுக்கு முடியலையா?"

சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "இன்னைக்குப் பூசைக்கு யார் யார் வந்தாக? அது ஒவ்வொரு ஆளாச் சொல்லும். யாருக்குக் கால் வலி, யார் வீட்டுல சண்ட, யாரு புதுசா வந்திருக்கா... அம்புட்டும் சொல்லும்."

முதல் பெஞ்சிலிருந்து தொடங்கினேன். ஏழெட்டுப் பெயர் சொன்னதும் நின்றுபோனேன். இத்தனை வருடம் நற்கருணை அப்பம் வாங்கும் வரிசையில் என் முன்னும் பின்னும் நின்றவர்களின் முகம் தெரிகிறது, பெயர் தெரியவில்லை. மண்டபத்தில் நாற்காலி எத்தனை என்று கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன்.

"அடுத்த வாரம் கேட்டுட்டு வாங்க" என்றார் தாவீது ஐயா.

இப்போது பூசை முடிந்ததும் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்கிறேன். சிலர் வேடிக்கையாகப் பார்க்கிறார்கள். ஜெயராணியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது ஒன்றுதான். போன ஞாயிறு, தாவீது ஐயாவிடம் பதினேழு பேர்வரை சொல்ல முடிந்தது.