குறையில்லாத லத்தீஃபா

குமணன்சாவடியில் மெத்தைக் கடை வைத்திருக்கும் ஷவுகத் அலி தன் மனைவியின் வாழ்க்கையை எழுத ஆரம்பித்ததிலிருந்து என் நிம்மதி போயிற்று. கள்ளிக்குப்பத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நடத்தும் எழுத்துப் பயிற்சி வகுப்புக்குப் பஸ் மாறி வருகிற மனிதர். சட்டையில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். பேச்சில் கெட்டிக்காரர். மெத்தை வாங்க வருகிறவர்கள் கடையில் படுத்துப் பார்ப்பதை நடித்துக் காட்டுவார். செருப்பைக் கழற்ற மனமில்லாமல் காலை மட்டும் வெளியே நீட்டிப் படுக்கும் மாமியார், படுத்த இடத்திலேயே குறட்டை விடும் மருமகன். வகுப்பே சிரிக்கும்.

அதே மனிதர் லத்தீஃபாவைப் பற்றி எழுதினால்? "அவர் பொறுமையின் சிகரம். அன்பின் உறைவிடம். யாரையும் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை." பக்கம் பக்கமாக இதேதான். கல்யாண வாழ்த்துமடல்கூட இதைவிடத் தேவலாம்.

சரி, அவர் டீ போடுவதையாவது எழுதுங்கள் என்றேன். இஞ்சி போடுவாரா, ஏலக்காயா, டம்ளரை நங்கென்று வைப்பாரா, மெதுவாக வைப்பாரா, அதிலேயே ஆள் தெரிந்துவிடும். "அன்பைக் கலந்து டீ போடுவார்" என்று எழுதிக்கொண்டு வந்தார். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

அவருடைய அவசரம் எனக்குப் புரியாமல் இல்லை. மகள் ஜோயாவுக்கு இரண்டு வயது நிரம்பும் முன்பே லத்தீஃபா காய்ச்சலில் இறந்துபோனார். இவர் மறுகல்யாணம் செய்துகொள்ளாமல் மகளை வளர்த்தார். அடுத்த மாதம் நிக்காஹ் முடிந்து அவள் ஆம்பூருக்குப் போகிறாள். அதற்குள் அம்மாவை எழுதி அவள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று தவியாய்த் தவிக்கிறார்.

"பாய், ஒரே ஒரு குறை சொல்லுங்க. கோபமோ கஞ்சத்தனமோ, எதுவாவது. குறையே இல்லாத ஆளை யார் நம்புவாங்க?" என்று கெஞ்சியும் பார்த்துவிட்டேன்.

"மவுத்தா பூட்டவங்க குறையைப் பேசக்கூடாது சார். எங்க ஊட்டுல சின்னதுலேந்தே அப்டித்தான். நல்லதை மட்டும்தான் சொல்லணும்."

சொந்தக்காரர் அத்தனை பேரும் அப்படித்தானாம். ஜோயா யாரைக் கேட்டாலும் "தங்கமானவ" என்பதோடு முடித்துக்கொள்வார்களாம். இத்தனை வருஷத்தில் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது அந்த ஒரு வார்த்தைதான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மரியாதை என்ற பேரில் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு மனுஷியை இருந்த இடம் தெரியாமல் துடைத்துவிட்டார்கள்.

போன வாரம் அவர் எழுதிய தாள்களோடு கடைக்கே போனேன். ஜோயா அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். தாள்களை வாங்கி நின்றபடியே படித்தாள்.

"அத்தா, இவங்க யாரு? யாருக்கு வேணா அம்மாவா இருக்கலாம்," என்றாள். தாள்களைக் கல்லாமேல் வைத்துவிட்டு விறுவிறுவென்று வெளியே நடந்தாள்.

ஷவுகத் அலிக்கு முகம் சிவந்துவிட்டது. "பாருங்க சார், அப்டியே அவ அம்மாதான். ஒரு வார்த்த தாங்காது. கோச்சிகினா போதும், பொறந்த ஊட்டுக்குப் போறேன்னு பையத் தூக்கிகினு கெளம்பிடுவா. எங்க போவா? ஜங்ஷன் வரைக்கும்தான். பஜ்ஜிக் கடைல நின்னு வயிறு முட்டத் துன்னுட்டுத் திரும்பி வந்துருவா. எனக்கு ஒண்ணுகூட வாங்கியாரமாட்டா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. "தவ்பா, தவ்பா," என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் வாசலைத் தாண்டியிருந்த ஜோயாவுக்கு எல்லாமே கேட்டுவிட்டது. அவள் திரும்பி உள்ளே வந்தாள்.

"இன்னா பஜ்ஜி?"

"வேணாம்மா, உட்டுடு."

"சொல்லுங்க அத்தா."

"மொளகா பஜ்ஜி," என்றார் மெல்ல. "உனக்குக் காரம்னு மேல்மாவ மட்டும் பிச்சி ஊட்டுவாளாம்."

"எனக்கா? நானும் போவனா?"

"பின்ன? இடுப்புல உன்னத் தூக்கிகினுதான் கெளம்புவா."

ஜோயா ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"எவ்ளோ கோவம் வந்தாலும் என்ன உட்டுட்டுப் போனதே இல்லியா?"

"இல்லம்மா," என்றார் ஷவுகத் அலி. "என்னத்தான் உட்டுட்டுப் போவா."