குரோட்டன் குடித்த மருந்து

ஜோகுபாளையத்து டெஸ்மண்ட் கல்யாணச் சமையலுக்குக் கொப்பரை ஏற்றினால் அல்சூர் ஏரிக்கு அக்கரையில் இருப்பவனுக்கும் நாக்கில் எச்சில் ஊறும். ருசி பார்க்க அவருக்குக் கரண்டி வேண்டாம். ஆவியை முகர்ந்தே உப்பைச் சொல்லிவிடுவார். ஒருமுறை அவருடைய பிரியாணி வாசம் பட்டு, பாதிரியாரே பிரசங்கத்தைப் பாதியில் முடித்துவிட்டுப் பந்திக்கு வந்தாராம்.

அந்த மனிதரிடம் போய், வைஷ்ணவி என்கிற இளம் டாக்டர், "உங்க உடம்புல உப்பு கம்மி அங்கிள்" என்று சொல்லிவிட்டாள்.

அது தொண்ணூற்றேழாம் வருஷம். டெஸ்மண்டின் நெஞ்சுத் துடிப்பு தாளம் தப்பியிருந்தது. மின்சாரம் வைத்துத்தான் அதை நேராக்க வேண்டும். ஆனால் கால் வீக்கத்துக்கென்று அவர் விழுங்கிவந்த நீர் மாத்திரை, ரத்தத்திலிருந்த பொட்டாசியம் என்கிற உப்பையும் அடித்துக்கொண்டு போயிருந்தது.

"அத ஏத்தாம கரண்ட் வச்சா ஹார்ட் தறிகெட்டு ஆடும். நின்னுகூடப் போயிடலாம். இந்த சிரப்ப ஒழுங்கா குடிங்க."

மனைவி பிரிஜெட்டின் காதில் 'நின்னுகூடப் போயிடலாம்' மட்டும் விழுந்தது. டெஸ்மண்டின் காதில் 'உப்பு கம்மி' மட்டும்.

"எனக்கா உப்பு கம்மி? கன்டோன்மென்டுக்கே உப்பு போட்ட கை இது."

"கைக்கு இல்லீங்க, ரத்தத்துக்கு. சும்மா குடிங்க," என்றாள் பிரிஜெட்.

ஒரு வாய் குடித்ததும் அவர் முகம் கோணியது. "இதுவா உப்பு? துருப்பிடிச்ச ஆணிய ஊறவச்ச தண்ணி. அசல் உப்பு நம்ம வீட்ல இருக்கு ப்ரிஜ்ஜி. கஞ்சியில தாராளமா போட்டுக் கொண்டா."

உப்பு உப்புதானே என்று அவளும் கொண்டுவந்தாள். சிரப் முழுவதும் ஆஸ்பத்திரி வார்டு ஜன்னலோரத்துக் குரோட்டன் செடித் தொட்டிக்குப் போனது.

மின்சாரம் வைக்கும் நாள் விடிந்தபோது டெஸ்மண்டின் கால்கள் முன்னைவிட வீங்கியிருந்தன. அவரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது பிரிஜெட் ஜன்னல் பக்கம் திரும்பினாள். குரோட்டன் இலைகள் ஓரம் கருகிச் சுருண்டு கிடந்தன. ஒன்று அவள் பார்க்கும்போதே உதிர்ந்தது. அவள் ஸ்ட்ரெச்சரைப் பிடித்தபடியே கூட ஓடினாள்.

உள்ளே மெஷின் மெல்ல முனகிக்கொண்டிருந்தது. வைஷ்ணவி ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தாள்.

"சிரப் மிச்சம் வைக்காம குடிச்சாரில்ல ஆன்ட்டி?"

டெஸ்மண்ட் படுத்தபடியே மனைவியை முறைத்தார். வாயைத் திறந்தால் தெரியும் சேதி என்ற முறைப்பு அது.

"அவரு குடிக்கல டாக்டரம்மா," என்றாள் பிரிஜெட். "குரோட்டன் குடிச்சுது. இவருக்குக் கஞ்சியில வீட்டு உப்பு போட்டுக் குடுத்தேன்."

வைஷ்ணவி மெஷினை அணைத்தாள். சற்று நேரத்தில் வந்த முடிவைப் பார்த்தவள் பிரிஜெட்டின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பொட்டாசியம் முன்னைவிடக் குறைந்திருந்தது; வீட்டு உப்பு காலைத்தான் வீங்கவைத்திருந்தது.

சிரப்பில் இருந்த அதே பொட்டாசிய உப்பு இப்போது சொட்டுச் சொட்டாக நரம்பு வழியே ஏறியது. ஏறும் வழியெல்லாம் எரிந்தது. டெஸ்மண்ட் பல்லைக் கடித்துக்கொண்டார்; பெண்டாட்டி பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. அளவு சரியான பிறகு மின்சாரம் வைத்தார்கள். உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. துடிப்பு நேரானது.

"துடிப்பு மறுபடியும் தாளம் தப்பலாம். பாத்துக்கோங்க," என்று சொல்லி அனுப்பினாள் வைஷ்ணவி.

பல மாதம் கழித்து, ஈஜிபுராவில் ஒரு கல்யாணம். கொப்பரையின் மேல் டெஸ்மண்டின் உப்பள்ளிய கை அந்தரத்தில் நின்றது. மறு கை நெஞ்சின்மேல் இருந்தது.

"ப்ரிஜ்ஜி," என்றார் மெதுவாக, "போடட்டுமா?"

உப்புப் போட அவர் யாரிடமும் அனுமதி கேட்டதே இல்லை. வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, தாளம் தப்புகிறதா என்று அவர் நெஞ்சில் காதை வைத்தாள்.