தகப்பன் பெயர், ஒரு வரி

நோய்ப்பட்ட மாலுமியைக் கரையில் இறக்கும்போது அவருடைய அடையாளக் கடதாசியான மாலுமிப் புத்தகத்தையும் துறைமுக முகவரிடம் ஒப்படைக்க வேண்டும். குணமானதும் அவரை ஊருக்கு அனுப்பிவைப்பது கப்பல்காரரின் கடமை. விதி இது. இத்தாலியின் பலெர்மோவில் ஒரு கப்பல் ஆளை இறக்கியது. புத்தகத்தை இறக்க மறந்துவிட்டது. அடுத்த துறைமுகத்தில் தேடினார்கள். கிடைக்கவில்லை.

முப்பது வருடம் யாழ்ப்பாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவாளராக இருந்துவிட்டு, ஓய்வு பெற்று மகளிடம் வந்து சேர்ந்தவன் நான். மகளுக்கு இங்கே பலெர்மோவில், லிபெர்த்தாத் தெருவில், ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் வேலை. எனக்கு ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில் வேலை: சனத்தின் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி விண்ணப்பங்களை நிரப்புவது. அங்கேதான் அந்த மாலுமியை அனுப்பியிருந்தார்கள். கறுத்த ஆள், தீவிலிருந்து வந்தேன் என்கிறார், ஓயாமல் செபிக்கிறார். ஆகவே இலங்கையர் என்று ஆஸ்பத்திரியில் யாரோ முடிவு கட்டியிருந்தார்கள். இதைவிட மெலிந்த சாட்சியத்தில் நானே சான்றிதழ் கொடுத்திருக்கிறேன்.

அவர் துவாலுக்காரர். நாற்பது வயதிருக்கும். கப்பலில் இயந்திர அறை வேலை. குடல்வால் வெடித்து இங்கே அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. கையில் குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகம் கொடுத்த தாள்: பதினைந்து நாளுக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். முறைப்படி கொடுத்த தாள். குறை ஏதும் உண்டா என்று தேடிப் பார்த்தேன், இல்லை. ஆனால் அடையாளக் கடதாசி இல்லாத ஆளை எந்த விமானமும் ஏற்றாது. அவருடைய நாட்டுப் பதிவகம் 'இவர் எங்கள் ஆள்' என்று ஒரு வரி எழுதினால் பயணத் தாள் கிடைக்கும். எழுதாவிட்டால் பதினாறாம் நாள் அவர் பிடிபட வேண்டிய ஆள்.

"ஐயா, அந்த நாடு எங்கை கிடக்கு?" என்று மொண்டெல்லோக் கடற்கரை உணவகமொன்றில் கோப்பை கழுவும் மன்னார்க்காரர் கேட்டார்.

"பசிபிக்கிலை. ஒன்பது தீவு."

"சனம்?"

"பத்தாயிரத்துக்குக் கிட்ட."

"எங்கடை மடு மாதா திருவிழாவுக்கு இதைவிடக் கூட வருமே! இதையும் நாடெண்டு விட்டிருக்கிறாங்கள், எங்களை மட்டும்..."

"அந்தக் கதையை விடும். பேனையைத் தாரும்."

துவாலு என்றால் எட்டும் சேர்ந்து நிற்பது என்று பொருளாம். தீவோ ஒன்பது. பெயர் வைத்தபோது ஒன்றில் நிலையான குடியில்லை, அதனால் எண்ணவில்லை என்றார் துவாலுக்காரர் ஆங்கிலத்தில். பதிவாளன் என்ற முறையில் அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டேன்.

அவருடைய நாட்டுப் பதிவகத்துக்கு எழுதிய விண்ணப்பத்தில் தகப்பன் பெயர் என்ற வரி வந்தது. எங்கள் ஆட்களுக்குத் தகப்பன் பெயர் பாதிப் பெயர். அதில் நான் விட்டுக்கொடுத்ததில்லை. பள்ளிக்கூட அனுமதிக்காக மாமனைத் தகப்பன் என்று பதிய வந்தவர்கள் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். "பெற்ற தகப்பன்?" என்று அழுத்திக் கேட்டேன். அவர் தயங்கினார். பிறகு ஒரு பெயர் சொன்னார். தயக்கத்தை எழுத விண்ணப்பத்தில் இடமில்லை, பெயரை எழுதினேன்.

திங்கட்கிழமை மகள் சிஞ்ஞோராவிடம் கேட்டு, அவருடைய மகனின் அலுவலகத் தொலைநகலில் அதை அனுப்பினாள். செவ்வாய் பதில் இல்லை. புதனும் இல்லை. வேலையால் வரும் மகளின் முகத்தைப் பார்க்குமுன் கைப்பையைப் பார்க்கப் பழகிவிட்டேன். அவர் இரவில் கோயில் மண்டபத்தில் படுத்துவிட்டுப் பகலில் எங்களிடம் வருவார். சீருடையைக் கண்டால் தெருவின் மறுபக்கம் மாறுவார். சட்டைப் பையில் செல்லுபடியான பெர்மெஸ்ஸோ இருந்தும் நானும் கூடவே மாறினேன்.

நடக்கும்போது ஒரு கதை சொன்னார். பூட்டன் காலத்தில் அவருடைய ஊருக்கு ஒரு கப்பல் வந்ததாம். கடவுளைப் பற்றிப் படிப்பித்துத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறோம் என்று சொல்லி, ஊரின் பெரும்பகுதியை ஏற்றிப் பெருவுக்கு அடிமைகளாகக் கொண்டுபோனார்களாம். ஒருவரும் திரும்பவில்லை. "கப்பலில் போனவனிடமிருந்து சத்தமில்லை என்றால் என் அம்மா என்ன நினைப்பார் என்று உங்களுக்குத் தெரியும்" என்றார். தெரிந்தது.

அடுத்த ஞாயிறு மகள் சியாகுல்லி மண்டரின் தோடம்பழங்களை மேசையில் வைத்துவிட்டு, அவருடைய ஊரில் என்ன சாப்பாடு என்று என் மூலம் கேட்டாள். புலாக்கா என்றார், பவளமணலில் குழி தோண்டி வளர்க்கும் கிழங்கு. "எனக்கு இரண்டு குழியில் பங்குண்டு. பெற்றவருடையதிலும், வளர்த்தவருடையதிலும்."

நான் தோலுரிப்பதை நிறுத்தினேன்.

அங்கே பிள்ளையை உறவுக்குள் வளர்க்கக் கொடுப்பது வழக்கமாம். பெற்றவர்களோடு பகை வந்தோ வறுமை வந்தோ அல்ல. இரண்டு வீட்டுக்கும் பிள்ளையாக இருப்பதற்கு. இவரை வளர்த்தது தாயின் தமையன். பள்ளிக்கூடத்திலும் மாலுமிப் பயிற்சிக் கூடத்திலும் அவர்தான் தகப்பன்.

"பிறகு ஏன் எனக்கு மற்றவரைச் சொன்னீர்?"

"நீங்கள் பெற்றவரைத்தானே கேட்டீர்கள்."

மகளுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். "அப்பா, மாமனைத் தகப்பனெண்டு எழுத வந்தவையைத் திருப்பி அனுப்பினனான் எண்டு பெருமையாச் சொல்லுவியள். இப்ப இவரை எங்கை திருப்பி அனுப்பப் போறியள்?"

ஆறு நாள் மிச்சம். இல்லாத ஒரு மாலுமியைத் தேடும்படி உலகத்தின் மறுகோடிக்கு எழுதியிருக்கிறேன். புதிய தாள் எடுத்து, ஒரே வரியில் இரண்டு தகப்பன் பெயர்களையும் எழுதினேன். முப்பது வருடத்தில் நான் கையெழுத்திட்ட முதல் ஒழுங்கீனம். கீழே மன்னிப்பும் கேட்டேன். அதுவும் முதல் தடவைதான்.

திங்கள் அனுப்பியது. செவ்வாய், புதன், வியாழன் ஒன்றுமில்லை. வியாழன் பின்னேரம் அவர் தன் இரண்டு சேர்ட்டுகளையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, எதற்காக மடித்தோம் என்று தெரியாதவர் போல இருந்தார்.

வெள்ளி பகல், வேலையில் இருக்க வேண்டிய மகள் படியேறி வந்தாள். கைப்பையைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. துவாலுப் பதிவகத்தின் தாள் கையிலேயே இருந்தது.

"இவர் எங்கள் பிள்ளை. முதல் தாளில் நீங்கள் குறிப்பிட்ட ஆளை ஒரு வாரம் தேடினோம். இரண்டாவது தாள் கிடைத்ததும் இரண்டு தகப்பன்மாருக்கும் சொல்லியனுப்பினோம். இருவரும் வந்து, மற்றவர் கையெழுத்திடாமல் தான் இடமாட்டேன் என்று நிற்கிறார்கள். ஆகவே இரண்டும் கீழே."

அவர் அந்த இரண்டு கையெழுத்துகளையும் விரலால் தொட்டுக்கொண்டிருந்தார். நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, பழக்கதோஷத்தில் தாளின் மேல் விளிம்பைப் பார்த்தேன்: 1995 மார்ச் 17. கெடுவுக்கு இன்னும் ஒரு நாள் மிச்சம்.